தற்காலிக வெளிநாட்டவர்

நமது தீவு அழகானது. வருகிறவர்கள் அந்த அழகைத் தாங்களாகவே பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டிருந்தது. விருந்தினர் வழிகாட்டல் அலகு என்று பெயர். உதவிப் பணிப்பாளர் கனகரத்தினம், இலிகிதர் ஸைனுலாப்தீன், பயிலுநர் கீர்த்தனி ஆகிய மூவரும் அதில் கடமையாற்றினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு கழிவறையும் கட்டியிருந்தார்கள். பாவித்தால் அழுக்காகிவிடும் என்பதால் அது பூட்டியிருந்தது. அந்தப் பூட்டின் திறப்பு கனகரத்தினத்தின் மேசை லாச்சிக்குள் இருந்தது.

கீர்த்தனி பாலையூற்றிலிருந்து வருகிற பட்டதாரி. அவளுடைய பயிற்சிக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. கனகரத்தினம் கையொப்பம் வைத்தால் நிரந்தர நியமனம். வைக்காவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அவள் கேட்கப் போகும்போதெல்லாம் அறைக் கதவு சாத்தியிருக்கும்.

"சேர் மீட்டிங்கில. நாளைக்கு வாங்கோ" என்பார் ஸைனுலாப்தீன். அதைச் சொல்வதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை.

"ஸைனுலாப்தீன் நானா, உள்ள சேர் மட்டும்தானே இருக்கிறார்?"

"மீட்டிங்குக்கு ரெண்டாவது ஆள் வேணுமெண்டு எந்தச் சுற்றறிக்கையிலயும் இல்ல, தங்கச்சி."

நல்ல காலமாக, வெளிநாட்டுப் பயணிகளுக்கான கைநூல் ஒன்றை உடனடியாக அனுப்பும்படி கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. கீர்த்தனி இரவு பகலாக இருந்து எழுதினாள். கதவு திறந்தது.

"போத்தலில் தண்ணீர் கொண்டு செல்லுங்கள். இது என்ன பிள்ளை?" என்றார் கனகரத்தினம்.

"வெயில் சேர். வழியில நல்ல தண்ணி கிடைக்கிறது கஷ்டம்."

"அதை நாங்களே எழுதிக் குடுக்கிறதோ? தண்ணி குடுக்கிற பகுதிக்காரர் என்னோட கோவிப்பினம்."

'நீர் அருந்துதல் உடலுக்கு உகந்தது' என்று அக்குறிப்பு திருத்தப்பட்டது. பஸ் நேரத்துக்கு வராது என்ற குறிப்பு, 'காத்திருத்தலும் ஒரு பயணமே' என்று ஆனது.

"சேர், யானையையாவது விடுங்கோ. பொழுதுபட்டால் தம்பலகாமத்தில ரோட்டுக்கு வருது. தெரியாமல் மோட்டார் சைக்கிள்ல போற ஆக்கள்..."

"யானை எங்கட அலகுக்குக் கீழ வராது, பிள்ளை."

'தம்பலகாமத்தின் மாலை வேளைகள் மறக்க முடியாதவை' என்று எழுதப்பட்டது.

ஒரேயொரு குறிப்பு மட்டும் அப்படியே தப்பியது. 'உள்ளூர் மக்களைப் போல உடுத்துங்கள். அவர்களில் ஒருவராகப் பழகுங்கள். அவர்களுக்குக் கிடைக்கும் அதே உபசரிப்பு உங்களுக்கும் கிடைக்கும்.' கனகரத்தினம் இதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான் எங்கட பண்பாடு" என்றார்.

கைநூல் கொழும்புக்குப் போய், ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. குறிப்புகள் வெளிநாட்டவர் ஒருவரைக் கொண்டு பரீட்சிக்கப்பட்டனவா?

வெளிநாட்டவரைப் பரீட்சைக்கு உட்படுத்த அமைச்சின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்பதற்கு, பரீட்சித்த அறிக்கை வேண்டும். கனகரத்தினம் ஒரு காலை முழுவதும் மீட்டிங்கில் இருந்து இந்தச் சிக்கலை அவிழ்த்தார். கீர்த்தனியை ஒரு நாளைக்குத் தற்காலிக வெளிநாட்டவராக நியமித்தார். அகலமான தொப்பி ஒன்று, கறுப்புக் கண்ணாடி ஒன்று, முதுகுப் பை ஒன்று வழங்கப்பட்டன. கடமை நேரத்தில் தமிழ் கதைக்கக் கூடாது என்பது நிபந்தனை.

நாலு பேர் பார்த்தாலே தலையைக் குனிகிற கீர்த்தனி, அந்தத் தொப்பியோடு சந்தியில் போய் நின்றாள். வழக்கமாக அவளை ஏற்றிச் செல்லும் ஓட்டோக்கார அப்ராஸ் பக்கத்தில் வந்து நிறுத்தினான்.

"கீர்த்தனி அக்கா, உங்களுக்கெண்டால் வழமையான காசுதான். இந்தத் தொப்பிக்கு மூண்டு மடங்கு."

பதில் சொல்ல நிபந்தனை இடம் கொடுக்கவில்லை. மூன்று மடங்கு கொடுத்தாள். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவையெல்லாம் அவள் பிறந்த ஊரில் அதுவரை அவளுக்கு நடக்காதவை. வங்கியில் கதிரை போட்டார்கள். பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து ஒருவர் எழும்பி இடம் விட்டார். பரீட்சையின் கடைசிக் கட்டமாக, தன்னுடைய அலுவலகத்துக்கே போனாள். கனகரத்தினம் வாசலுக்கு வந்து வரவேற்றார். செவ்விளநீர் வந்தது. லாச்சி திறந்தது, கழிவறையும் திறந்தது. உள்ளே சவர்க்காரம் உறை பிரிக்காமல் இருந்தது.

பரீட்சை அறிக்கை அன்றே எழுதப்பட்டு, கைநூல் அச்சுக்குப் போயிற்று. அடுத்த நாள் கீர்த்தனி தொப்பியில்லாமல் சேரின் அறைக்குள் போய், நியமனத்தைப் பற்றிக் கேட்டாள்.

"அதில ஒரு சிக்கல் இருக்கு பிள்ளை" என்றார் கனகரத்தினம், உண்மையான கவலையோடு. "நேற்று நீங்கள் வெளிநாட்டவர். சேவையில முறிவு விழுந்திட்டுது. முறிஞ்ச சேவையை நிரந்தரமாக்க ஏலாது."

"நீங்கள்தானே சேர் என்னை நியமிச்சனீங்கள்?"

"ஓம். அதாலதான் அது செல்லுபடியான முறிவு."

அவள் வெளியே வந்து தன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஸைனுலாப்தீன் அலுமாரியைத் திறந்து, தொப்பியை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தார்.

"இன்னும் பொருட்பதிவில இருந்து கழிக்கேல்ல. பாவிக்கலாம்" என்றார்.

தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு கீர்த்தனி மறுபடியும் அந்தக் கதவைத் தட்டினாள். கனகரத்தினம் எழுந்து நின்றார். விருந்தினரைக் காக்க வைக்கக் கூடாது என்பது சுற்றறிக்கை. அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். ஸைனுலாப்தீன் மொழிபெயர்த்தார்.

"கீர்த்தனி எண்டு ஒரு உள்ளூர்ப் பிள்ளையாம் சேர். நல்லா வேலை செய்யுமாம். நிரந்தரமாக்கச் சொல்லி இவ கேக்கிறா."

கனகரத்தினம் கதிரையில் சாய்ந்து யோசித்தார்.

"வெளிநாட்டுச் சிபாரிசு" என்றார் கடைசியில். "மறுத்தால் நாட்டுக்குத்தான் அவப்பெயர்." கையொப்பம் வைத்தார். நினைவுக்கு ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

கைநூல் அச்சாகி வந்தபோது ஸைனுலாப்தீன் இளைப்பாறி மூதூருக்குப் போயிருந்தார். அவருடைய மேசை கீர்த்தனிக்குக் கிடைத்தது. அவருடைய வேலையும்தான். முதல் சில நாட்கள் வருகிறவர்களை நிமிர்ந்து பார்த்தே 'நாளைக்கு வாங்கோ' சொன்னாள். போகப்போக, தொப்பி தெரிந்தால் மட்டும் நிமிர்ந்தாள்.

ஒருநாள் மேசைக்கு முன்னால் யாரோ வந்து நின்றார்கள். கோப்பின் விளிம்புக்கு மேலால் பழைய சாரமும் இறப்பர்ச் செருப்பும் தெரிந்தன.

"சேர் மீட்டிங்கில. நாளைக்கு வாங்கோ."

செருப்பு அசையவில்லை. கீர்த்தனி எரிச்சலோடு நிமிர்ந்தாள். வெயிலில் சிவந்துபோன ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. மற்றக் கையில் கைநூல். விரல், 'உள்ளூர் மக்களைப் போல உடுத்துங்கள்' என்று தப்பிய அந்த ஒரேயொரு குறிப்பில் இருந்தது.

அவள் கழிவறைத் திறப்பை எடுக்க அவசரமாகக் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். பல நாள் கேட்டுக் கேட்டுத் திருத்தமாக வந்த தமிழில், "சேர் மீட்டிங்கில. நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வெளியே நடந்தார்.