டை கட்டிய கரடி

ஹாலில் தன் குரலைத் தானே கேட்டதும் அவனுக்குக் கை கால் ஓடவில்லை.

டிவியில் கரடி அப்பா தன் குட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. எதிரே நாற்காலியில், சிரிப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவனுடைய அப்பா, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பொம்மைப் படமெல்லாம் பாக்கறீங்க?"

"உஷ்! கரடி பேசுது."

அந்தக் கரடிக்குக் குரல் கொடுப்பவன் அவன்தான். ஆனால் அப்பாவைப் பொறுத்தவரை அவன் ஒரு கம்பெனியில் அதிகாரி. பள்ளிக்கூட நாளில் மிமிக்ரி செய்ததற்கு, "குரங்குச் சேட்டை பண்றவன் உருப்படவே மாட்டான்" என்று தோலை உரித்தவர் அவர். அதனால்தான் தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்புவான். ஸ்டூடியோ வாசலில் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, உள்ளே போய் உறுமுவான்.

"உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

"இத்தனை வருஷமா ஆபீசர்னுட்டு, இப்போ போய்க் கரடின்னு சொல்லவா? நெஞ்சைப் பிடிச்சுக்குவார்டி!"

மறுநாள் டிவி ஒயரைப் பிடுங்கி ஒளித்து வைத்தான். "ரிப்பேர்ப்பா."

வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், தரையில் வாண்டுகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு டிவி தெருமுனை வரை கேட்கும். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டம்மா இவனை நிறுத்தி, "அந்தக் கரடி அப்படியே உங்க மாதிரியே பேசுதுங்க" என்றாள்.

இனிக் குரலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த ஒலிப்பதிவில் தொண்டையை இறுக்கிக் கரகரத்தான். குட்டிக் கரடிக்குக் குரல் கொடுக்கும் அம்மாள், பேரன் பேத்தி எடுத்தவர், பயந்துபோய் மைக்கை விட்டு விலகினார்.

"யோவ், இது அப்பனா, பிள்ளை பிடிக்கிறவனா?" என்றார் டைரக்டர்.

"கரடிக்கு வயசாகுது சார்."

அந்த வாரமே அது ஒளிபரப்பானது. பக்கத்து வீட்டிலிருந்து திரும்பிய வாத்தியாரின் முகம் செத்துப்போயிருந்தது. சாப்பாடு வேண்டாம் என்றார். மகனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். ஐயோ பாவம், அவருக்கு இருந்த ஒரே சந்தோஷத்தையும் கெடுத்துவிட்டோமே என்று அவன் தன்னையே நொந்துகொண்டான்.

சரி, பழைய குரலிலேயே பேசிவிடுவோம் என்று மைக் முன்னால் நின்றால், காற்றுதான் வந்தது. இறுக்கி இறுக்கித் தொண்டை நிஜமாகவே கட்டிவிட்டிருந்தது.

"வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று டைரக்டர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

பொய்யைக் காப்பாற்றப் போய்ப் பிழைப்பே போச்சு. டை வெளியே துருத்திக்கொண்டிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகை முட்டியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் எழுந்து வந்தார்.

"அவர் கோவம் ஆறட்டும், நான் பேசிக்கறேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுதான், ஆனா மனசு கேக்கல. நிகழ்ச்சி முடிவுல போடற நம்பருக்கு நேத்து ஒரு பெரியவர் போன் பண்ணினார். 'கரடியா பேசறது என் பையன்தாங்க, தொண்டை ரொம்ப மோசமா இருக்கு, ரெண்டு நாள் லீவு குடுங்க. நான் பேசினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அவன் ஆபீசுக்குப் போறதா நான் நம்பிக்கிட்டிருக்கேன்'னார்."