அம்பயர் ஆன ஹாஜியார்

கல்முனையில் கடை திறந்தவர்களில், வாங்கிய பொருளை வாங்கியபடியே வைத்திருக்கத் தெரியாத ஒரே மனிதன் கொம்பியூட்டர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் பஸாருக்குப் பின்னால் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினான். ஊர் அவனுடைய சொந்தப் பெயரை மறந்து, தொழிலையே பெயராக்கிவிட்டது. "கொம்பியூட்டர் தொழப் போயிருக்கு, இருங்க" என்பார்கள் பக்கத்துத் தேநீர்க்கடையில்.

வகுப்பு முடிந்ததும் அந்த மெஷினில் கிரிக்கெட் ஓடும். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் படிப்பித்த நானும் போய் உட்காருவேன். வெள்ளைக்காரன் செய்த விளையாட்டு. இவன் அதன் வயிற்றைத் திறந்து வீரர்களின் பெயர்களை அழித்து, நம்மூர் ஆட்களை உள்ளே விட்டான். விளம்பரப் பலகைகளில் பஸார்க் கடைகள் வந்தன. ஒருநாள் எல்லைக்கோட்டருகே ஒரு மாடு நின்றது.

"மாடு எதுக்கு?" என்றேன்.

"நம்மட கிரவுண்ட்ல மாடில்லாம எப்பயாவது மெட்ச் நடந்திருக்கா சேர்?"

மாட்டின் கால்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று கால்தான் இருந்தது.

"நாலாவது பின்னால மறைஞ்சிருக்கு," என்றான். பந்து மாட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. மாடு அசையவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லாயிருந்த விளையாட்டை ஏன்டா உடைக்கிறாய்?"

"உடைக்கல்ல சேர். குடிவைக்கிறன். தெரியாத ஆக்கள் விளையாடினா எனக்கென்ன, ஒங்களுக்கென்ன?"

அந்தக் குடிவைப்பில்தான் வினை வந்தது. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் மீராசா ஹாஜியார். மரியாதைக்காக அவரை முதல் துடுப்பாட்டக்காரராக இறக்கினான். முதல் பந்திலேயே மெஷின் அவரை வீழ்த்தியது. "மீராசா டக்" என்ற செய்தி பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்பே பள்ளிவாசலை எட்டிவிட்டது.

ஹாஜியார் பூட்டோடு வந்தார். "டக் அடிச்சது பரவாயில்ல. மக்கத்துக்குப் போய் வந்தவன் நான். பேருக்குப் பின்னால 'ஹாஜியார்' எங்க?"

பெயருக்கு எட்டு இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் இடம், மீராசாவுக்கே ஏழு போய்விட்டது என்று நான் கணக்குச் சொன்னேன்.

"எட்டெழுத்துக்குள்ள ஹஜ்ஜைச் சுருக்குறதா? வெள்ளிக்கிழமைக்குள்ள கடையக் காலி பண்ணு தம்பி."

கொம்பியூட்டருக்கு வேறு தொழில் தெரியாது. வயலில் இறங்கினால் வரப்பு உடையும், தோணியில் ஏறினால் வாந்தி வரும். கடை போனால் வீட்டில் உலை இல்லை. ஹாஜியாரின் காலில் போய் விழு என்றேன். அவனோ கதவைச் சாத்திக்கொண்டு புள்ளி புள்ளியாக எதையோ வரைந்துகொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஹாஜியார் வந்தார். கொம்பியூட்டர் கதிரையை இழுத்துப் போட்டு மெட்சை ஓடவிட்டான். விக்கெட்டுக்குப் பின்னால் அம்பயர் நின்றார். வெள்ளைத் தொப்பி, மருதாணி போட்ட தாடி, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த நிற்பு.

ஹாஜியார் முகத்தைத் திரையருகே கொண்டுபோனார். "இதாரு?"

"நீங்கதான் ஹாஜியார். இனி நீங்க விரல் தூக்கினாத்தான் ஆள் வெளியே போகும்."

"பேரு?"

"அம்பயருக்குப் பேர் எதுக்கு? இந்தத் தாடியத் தெரியாத ஆள் ஊர்ல இருக்கா?"

ஹாஜியார் தாடியைத் தடவினார். பூட்டை மேசையில் வைத்தார். "கொஞ்சம் ஓடட்டும், பார்ப்பம்."

ஓடியது. ஒரு விக்கெட் விழுந்தது. திரையில் அம்பயர் விரலைத் தூக்க, கதிரையில் ஹாஜியாரும் தன்னையறியாமல் தூக்கினார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கொம்பியூட்டர் சிரிக்கவில்லை. ஹாஜியார் விரலைத் தாமாகவே இறக்கும்வரை அடுத்த பந்தைப் போடாமல் காத்திருந்தான்.