எட்டு யன்னலும் ஒரு பொன்னாடையும்

பிள்ளையார் துணை

செவன் கிங்ஸ்
05.09.2020

மோர்டனில் இருக்கும் என் மதிப்புக்குரிய ஜீவரத்தினம் அண்ணைக்கு,

கடந்த ஞாயிறு நம் ஞானச்சுடர்ப் பாடசாலை மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு வந்திருந்தோர் விபரம்: தலைவர் கிருஷ்ணராசா மாஸ்டர், செயலாளர் றமணன், அதிபர் சுவர்ணா ரீச்சர், ஆசிரியர்கள் ஐந்து பேர், என்னையும் சேர்த்துப் பெற்றோர் பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்த கலாவதி அக்கா, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரர். மொத்தம் இருபத்திரண்டு பேர். வராதவர்: அறங்காவலர்களில் ஒருவரான நீங்கள். திறந்திருந்த யன்னல்: ஒன்றும் இல்லை.

நாங்கள் மூவரும் வீட்டுக்குள் சுகம். நீங்களும் அண்ணியும் அவ்வாறே இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் இவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து இரண்டு வருடம் ஆவது உங்களுக்குத் தெரியும். கிருமியோடு சண்டை பிடிக்கிற சக்தியை மருந்து கொடுத்து அடக்கி வைத்திருக்கிறார்கள். மார்ச் மாதத்திலிருந்து மனிதர் வாசற்படி தாண்டவில்லை. பிள்ளை துஷ்யா பள்ளிக்கூடம் போகலாம், ஆனால் காற்று உள்ளே வந்து வெளியே போகிற அறையில்தான் இருக்க வேண்டும் என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். பாடசாலையோ திங்கட்கிழமை திறக்கிறது, முதல் கிழமை வராத பிள்ளையின் இடம் காத்திருக்கும் பிள்ளைக்குப் போகும் என்று கடிதம் போட்டிருக்கிறது. அனுப்பினால் இவருக்கு ஆபத்து, அனுப்பாவிட்டால் பிள்ளையின் இடம் போய்விடும். நடுவில் நிற்பது வகுப்பு நடக்கிற மண்டபத்தின் எட்டு யன்னல்கள். போன வருடம் றமணன் தம்பி தன் மைத்துனரைக் கொண்டு மலிவாகப் பெயின்ற் அடித்தபோது எட்டும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டன.

இதற்காகவே சுவர்ணா ரீச்சர் யன்னல் திருத்துகிற ஆளை ஞாயிறு பதினொரு மணிக்கு, இரண்டு மணித்தியால வேலைக்கு வரச்சொல்லியிருந்தார். செயலாளரோ கவுன்சிலிலிருந்து ஒரு பாதுகாப்பு அதிகாரி வருவார் என்று எதிர்பார்த்திருந்தார். கழுத்தில் அட்டையும் கையில் எழுதுகிற பலகையுமாக ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்ததும், அண்ணை, நம்மவர்களுக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மாஸ்டர் எழும்பினார், மாஸ்டர் எழும்ப எல்லோரும் எழும்பினோம். "யன்னலுக்காக வந்திருக்கிறேன்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். றமணன் மைக்கைப் பிடித்து, "ஐயா அவர்கள் நமது சாளரங்களை நேரிற் பார்வையிட எழுந்தருளியிருக்கிறார்கள்" என்று மொழிபெயர்த்தார். அந்த மனிதரை மேடைக்கு ஏற்றி நடுக்கதிரையில் இருத்தினார்கள். சுத்தியலும் உளியும் இருந்த அவருடைய ஆயுதப் பையைக் கலாவதி அக்கா பவ்வியமாக வாங்கி ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வந்தவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், ஆனால் இரண்டு மீற்றர் தள்ளி நிற்கவும் வேண்டும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மேல் யன்னல் திறக்கிற கொளுக்கித் தடி ஒன்று இருக்கிறதல்லவா, அதன் நுனியில் பொன்னாடையைக் கொழுவி, மீன் பிடிக்கிறவர் மாதிரி றமணன் நீட்டினார். அது மனிதரின் தலையை மூடி, மாஸ்க்கையும் இழுத்துக்கொண்டு வந்தது. கை தட்டினோம். வெளியே வந்த முகம் கும்பிடு போட்டது, பாவம். பிறகு அவர் அந்தத் தடியைத் தருமாறு கையை நீட்டினார். கை கொடுக்க வருகிறார் என்று நினைத்து மாஸ்டர் பதறிப் பின்னால் போய்விட்டார்.

பேச்சு நேரங்களைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்திருக்கிறேன். மாஸ்டர் நாற்பத்தொரு நிமிடம், அதில் நோய்த் தொற்று வந்தது முப்பத்துமூன்றாவது நிமிடத்தில். றமணன் இருபத்தாறு நிமிடம். நன்றியுரை மட்டும் பதினேழு. பேசுகிறவர் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றி, ஒரே மைக்கை வாயோடு ஒட்டி வைத்து, முகக்கவசத்தின் அவசியத்தை வலியுறுத்தினார்கள். பிறகு "இடைவெளி பேணி ஒவ்வொருவராக வாருங்கள்" என்று அறிவித்ததும் இருபது பேரும் ஒன்றாய் ரோல்ஸ் மேசைக்குப் போனார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை, எழும்பிவிட்டேன்.

"மாஸ்டர், அந்த யன்னலைத் திறக்கச் சொல்லுங்கோ. மூச்சு முட்டுது."

"தங்கச்சி, யன்னல் எங்கை ஓடப்போகுது? முதல் கூட்டம் முடியட்டும்."

"அக்கா, நீங்கள் என்ன டொக்டரோ?" இது றமணன்.

"டொக்டர் இல்லைத் தம்பி. ஆனா நானும் மூச்சு விடுறனான்."

மாஸ்டர் சமாதானக் குரலில், "நீங்கள் பக்தி உள்ள ஆள். பிள்ளையார் காப்பாற்றமாட்டாரோ?" என்றார்.

"பிள்ளையார் குளக்கரையிலை மரத்துக்குக் கீழை இருக்கிறவர் மாஸ்டர். அவருக்குக் காத்தைப் பற்றி உங்களைவிட நல்லாய்த் தெரியும்."

சிரித்தவர்கள் இருந்தார்கள், யன்னல் திறந்தவர்கள் இல்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், மிச்சத்தை வானொலியும் நூலகமும் சொல்லித் தந்தன. அடைத்த அறையில் இருபத்திரண்டு பேர் விட்ட மூச்சு வெளியே போக ஒரு வழி வேண்டும் என்று விளங்க அந்தப் படிப்பே காணும். மேடையில் இருந்த பட்டதாரிகளுக்கு அது காணாமற் போனதுதான் அதிசயம்.

ஒன்று பத்துக்கு அந்த மனிதர் மணிக்கூட்டைப் பார்த்தார், எழும்பினார், பொன்னாடையை மடித்துப் பையில் வைத்தார். வாசலில் மறித்து யாரென்று கேட்டேன். தன் அட்டையைக் காட்டினார்: யன்னல், கதவு திருத்துபவர். இரண்டு மணித்தியாலம் முடிந்துவிட்டதாம், அடுத்த வேலை அப்டன் பார்க்கிலாம், இனி இரண்டு கிழமை கழித்துத்தான் வர ஏலுமாம். ஓடிப்போய் றமணனிடம் சொன்னேன். அவருக்கு முகம் கொஞ்சம் சிவந்ததுதான், ஆனால் வாய் மூடவில்லை. "வீடு தேடி வந்த மனிசனுக்கு மரியாதை செய்தது பிழையே அக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். சுவர்ணா ரீச்சர், போனில் மட்டும் பேசிய ஆளைத் தனக்கு முகம் தெரியாது என்று தலையில் கை வைத்தபடி நின்றார், பார்க்கப் பாவமாயிருந்தது.

இனித்தான் முக்கியம், அண்ணை. நேற்று அனுப்பிய முப்பது பக்கப் பாதுகாப்புத் திட்டத்தின் பதினெட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்: "காற்றோட்டம்: துறைசார் நிபுணர் நேரில் பார்வையிட்டுத் திருப்தியுடன் திரும்பினார்." உண்மைதான். பொன்னாடையோடு திரும்பினவர் திருப்தியாய்த்தானே திரும்புவார்! இந்தத் திட்டத்தில் அறங்காவலர் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பாடசாலை திறக்கலாம். நாலு பேர் வாசிக்காமலே போட்டாயிற்று. ஐந்தாவது நீங்கள். எட்டு யன்னலும் திறக்கும்வரை தயவு செய்து போடாதேங்கோ. இவர் வேறு, "நான் ஜேர்மனியிலை பதினொரு வருஷம் யன்னல் பூட்டுற வேலை பார்த்தவன், போய் அரை மணித்தியாலத்திலை திறந்துவிட்டு வாறன்" என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். "வாசலைத் தாண்டினால் நான் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன்" என்று சொல்லி இருத்தி வைத்திருக்கிறேன்.

உங்களுக்கும் அண்ணிக்கும் நீண்ட ஆயுளும் வாசிக்காமற் கையெழுத்துப் போடாத மனமும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,
தங்கச்சி தவநாயகி

பிற்குறிப்பு (ஞாயிறு மாலை): இதைத் தபாலில் போடவில்லை, படம் பிடித்து அனுப்புகிறேன், ஏனென்றால் எல்லாம் தலைகீழாய்ப் போச்சு. காலையில் நான் ஐபாட்டில் கோயில் பூசை பார்த்துக்கொண்டிருக்க, இவர் துஷ்யாவையும் கூட்டிக்கொண்டு, சுவர்ணா ரீச்சரிடம் கதவுத் திறப்பை வாங்கி, ஆளில்லாத மண்டபத்துக்குப் போய், ஏணியில் ஏறிக் கத்தியால் பெயின்ற்றை வெட்டி எட்டு யன்னலையும் திறந்துவிட்டார். திறந்தது சரி. இப்ப ஒன்றும் சாத்துப்படுகுதில்லை. மழை உள்ளே அடிக்கிறது, கள்ளர் அலாரம் வேலை செய்யவில்லை, யன்னல் சாத்தாத கட்டடத்துக்குக் காப்புறுதி இல்லையென்று பாடசாலை திறப்பதையே ஒத்திவைத்துவிட்டார்கள். பாதுகாப்பைக் குழப்பியது எங்கள் வீட்டு ஆள் என்று றமணன் வட்சப்பில் எல்லோருக்கும் எழுதிவிட்டார். இவரோ சோபாவில் இருந்து பிள்ளையோடு விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு, அதனால் வடிவாய் ஏசவும் ஏலாமல் கிடக்கு. நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று. மோர்டன் பக்கம் யன்னல் சாத்தத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் பேரையும் நம்பரையும் அனுப்புங்கோ. பதில் கெதியாய் வேணும்.