துட்டி வீட்டாரிடம் முன் அனுபவம் கேட்ட மாமாவுக்கு

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மணிகண்டபிரபு மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் சத்யபிரியா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடல் நலத்துடன் இருக்கிறோம். மன நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சென்னையில் தாங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். நலமாக இருப்பவர்களால்தான் இதைக் கடைசிவரை வாசிக்க முடியும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது தாளில் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் நீங்கள் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுகிறீர்கள். கட்டைவிரலோடு சண்டை போட எனக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது அப்பாவின் பந்தல் வாடகைக் கடையை உலகம் முழுவதும் கொண்டுபோகிறேன் என்றீர்கள். உலகத்துக்குப் பந்தல் தேவையில்லை, பசுவந்தனைக்கும் கழுகுமலைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அப்பா சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் தம்பி ஆசையாகக் கேட்கிறார் என்று தலையை ஆட்டிவிட்டார். அந்தத் தலையாட்டலுக்கு நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் கடையின் பெயர் சத்யபிரியா பந்தல் கடை. கடை பெயரில் நீங்கள் தொடங்கிய ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதுவது எல்லாம் ஊருக்கு நான் எழுதியதாகத்தான் போகிறது.

முதல் வாரமே 'வாடகைப் பாத்திரம்' என்பதை 'வாடைப் பாத்திரம்' என்று போட்டீர்கள். சரி, அவசரம் என்று விட்டேன். அப்புறம் காசு கொடுத்து ஆள் சேர்த்தீர்கள், பக்கத்தைத் திடீரென்று பன்னிரண்டாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். பாதிப்பேரின் பெயரை எனக்கு வாசிக்கவே வரவில்லை. கால்பந்து நன்றாக ஆடும் ஏதோ ஒரு நாட்டுக்காரர்கள். அங்கிருந்து காதுகுத்துக்கு நம்மிடம் நாற்காலி எடுக்க வருவார்களா மாமா? சித்திரை வெயில் கொளுத்தியபோது நம் கடை இசக்கிமுருகன் அண்ணன் அனுப்பிய படத்தைப் போட்டு, 'கோவில்பட்டி வெயிலுக்கு இதமாக, ஜில்லென்று ஓர் அனுபவம். குடும்பத்தோடு வாருங்கள்' என்று எழுதினீர்கள். படத்தில் இருந்தது ஐஸ்கிரீம் பெட்டி இல்லை. சாவு வீட்டுக்குக் கொடுக்கும் ஐஸ் பெட்டி. அதில் குடும்பத்தோடு வரச் சொன்ன கடை இந்தியாவிலேயே நம்முடையதுதான்.

அதையும் மன்னித்தேன். எங்கள் கணக்கு டீச்சர் சுந்தரேஸ்வரி விஷயத்தை மன்னிக்க மாட்டேன். அவர்கள் தம்பி வீட்டு விசேஷத்தில் நம் நாற்காலியின் கால் உடைந்து தாம் கீழே விழுந்துவிட்டதாக நம் பக்கத்தில் மிகவும் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அப்பாவிடம் காட்டியிருந்தால் போனில் மன்னிப்புக் கேட்டு, மறுநாளே அந்த நாற்காலிகளை ஒதுக்கியிருப்பார். நீங்கள் 'எங்கள் நாற்காலிகள் தரமானவை. எடையைக் கவனிக்கவும்' என்று பதில் போட்டு, அவர்கள் மறுபடி எழுதியதை அழித்தும் விட்டீர்கள். அடுத்த நாள் வகுப்பில் டீச்சர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். "வா சத்யபிரியா, நீதான் எடையெல்லாம் கவனிக்கிற பிள்ளையாச்சே, இந்தக் கணக்கப் போடு" என்றார்கள். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தக் கணக்குத் தெரியும், ஆனாலும் தப்பாகப் போட்டேன்.

இதெல்லாம் பரவாயில்லை என்று ஆகும்படி செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது.

பக்கத்திலிருந்து அப்பாவின் போன் நம்பரை எடுத்துவிட்டீர்கள். எல்லாரும் மெசேஜ் வழியாகவே வரவேண்டும், அதுதான் பெரிய கடைக்கு அழகு என்றீர்கள். மெசேஜுக்குத் தானாகவே பதில் சொல்லும் ஒன்றையும் வைத்தீர்கள். கல்யாண சீசனில் பரிமாற ஆள் எடுக்க வேண்டும் என்று, யாராவது ட்யூட்டி கேட்டு எழுதினால் அதுவே விசாரித்துச் சேர்த்துக்கொள்ளும்படி செய்தீர்கள். நல்ல ஏற்பாடுதான், சென்னையில். நம் ஊரில் சாவை என்ன சொல்வோம் மாமா? துட்டி என்போம். துட்டி வீடு, துட்டி கேட்கப் போகிறேன் என்போம். நீங்களும் இங்கே பிறந்து இருபது வயதுவரை அப்படித்தான் சொன்னீர்கள். பசுவந்தனை ரெங்கசாமி ஐயா அன்று விடிகாலையில் இறந்துபோனார்கள். அவர்கள் மகன் ஹரிகிருஷ்ணன் அண்ணன் ஓசூரில் வேலை பார்க்கிறார். செய்தி கேட்டு பஸ்ஸில் வந்துகொண்டே நம் பக்கத்தைத் தேடி, வீட்டில் துட்டி, ஐயா தவறிட்டாவ, பந்தலும் ஐஸ் பெட்டியும் அனுப்புங்க என்று எழுதியிருக்கிறார். பஸ் குலுக்கலில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறார். அதில் துட்டியும் ட்யூட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதற்குப் போன பதிலை நான் திரும்பத் திரும்ப வாசித்து மனப்பாடமே ஆகிவிட்டது. 'வணக்கம்! நான் சத்யபிரியா. எங்களிடம் ட்யூட்டி கேட்டதில் மகிழ்ச்சி. வயது என்ன?' அஞ்சலி பேனருக்குத்தான் கேட்கிறார்கள் என்று அவர் பாவம் எண்பத்திரண்டு என்று போட்டிருக்கிறார். 'முன் அனுபவம் உண்டா?' என்று அடுத்த கேள்வி. புரியவில்லை என்று எழுதியிருக்கிறார். 'முன் அனுபவம் இல்லாதவர்களும் வரலாம்' என்று ஆறுதல். உடனே இன்னொன்று: 'மன்னிக்கவும், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை எடுப்பதில்லை. மனம் தளராமல் அடுத்த முறை முயற்சி செய்யுங்கள்.' கடைசியில் கைகூப்பும் படத்தோடு, 'மீண்டும் வருக!' துட்டி வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வருகிற ஊர் மாமா இது.

அந்த நேரமெல்லாம் அப்பா போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஆள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. கம்பும் துணியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரும் இசக்கிமுருகன் அண்ணனும் பறந்தார்கள். அங்கே வேறு ஊர்ப் பந்தல் ஏற்கெனவே நின்றது. பசுவந்தனையில் துட்டி என்று போன் வந்தால் அடுத்த நிமிஷமே அப்பா கிளம்பிவிடுவார், முதல் கயிற்றை அவர் கையால்தான் கட்டுவார். அந்த ஊரில் வேறு ஆள் பந்தல் போட்டு நான் பார்த்ததே இல்லை. அப்பா போய் கைகூப்பி நின்றிருக்கிறார். ஹரிகிருஷ்ணன் அண்ணன் சத்தம்கூடப் போடவில்லையாம்.

"எங்க ஐயா ஒங்க கடையில வேலைக்கு மனு போடல அண்ணாச்சி. செத்துப்போயிருக்காவ" என்றாராம்.

அப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றால், "ஒண்ணுமில்லட்டி, நீ போய்ப் படி" என்கிறார். படிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லா அப்பாக்களும் நினைக்கிறார்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பந்தலை அந்த வேறு ஊர்க்காரரிடமே எடுப்பதாகப் பேச்சு. அப்படி நடந்துவிட்டால் அப்பாவால் இனி பசுவந்தனை பக்கமே தலைகாட்ட முடியாது. அவருக்கு வருமானம் போவதைவிட அதுதான் பெரிசு.

இதை அம்மா உங்களிடம் போனில் அழுதுகொண்டே சொன்னபோது நீங்கள் சொன்ன பதிலை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அந்த மெசேஜை யாரோ படம் பிடித்துப் போட்டு ஊரெல்லாம் பரவுகிறதாம். "விடுக்கா, ரீச் சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது, காசு குடுத்தாக்கூட இப்படிக் கிடைக்காது" என்றீர்கள். ஊரே நம்மைப் பார்த்துக் காறித் துப்புவதற்கு உங்கள் ஊரில் ரீச் என்று பெயரா மாமா? எனக்கு வருகிற கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது. எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம், என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும்.

நான் பதினொன்றாம் வகுப்புதான் படிக்கிறேன். வியாபாரம் படிக்கவில்லை. ஆனால் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்பா ஒருத்தரிடம் பேசும்போது முதலில் முகத்தைப் பார்ப்பார். வந்தது கல்யாணமா துட்டியா என்று அதிலேயே தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றாற்போல் நாற்காலியைப் போடுவார். நீங்கள் எந்த முகத்தையும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பல்லைக் காட்டும் பொம்மையை வாசலில் நிறுத்திவிட்டு, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிறீர்கள். வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்று ஒருநாளாவது பார்த்தீர்களா? போடுவதற்கு முன் யாரிடமாவது, போகட்டும், என்னிடமாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்களைப்போல அவசரக்காரர் கையில் அந்தப் பக்கம் இனி ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. இசக்கிமுருகன் அண்ணன் போனில் அந்தப் பக்கம் திறந்துதான் இருக்கிறது. இனிமேல் நானே எழுதுவேன். நான் எதையும் மூன்று முறை வாசித்துப் பார்க்காமல் போட மாட்டேன். நீங்கள் தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

அத்தைக்கு என் அன்பு. வெயிலில் அலைய வேண்டாம், மோர் குடிக்கச் சொல்லுங்கள். மூத்தவர்களுக்கு மரியாதை குறைவாக ஏதும் எழுதியிருந்தால் அது வேண்டுமென்றே எழுதியதுதான்.

இப்படிக்கு,
கோபம் தணியாத,
சத்யபிரியா.

பின்குறிப்பு: மாமா, போனை எடுங்கள். ஏழெட்டு முறை அடித்துவிட்டேன். எடுக்காததால் இந்தத் தாள்களைப் படம் பிடித்து அனுப்புகிறேன். மேலே எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தை முடித்ததும் நானே ஓர் அஞ்சலிப் பதிவு போட்டேன். மூன்று முறை வாசித்தேன், ஒரு எழுத்துப்பிழை இல்லை. படம்தான் பிழை. போன வருஷம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாம் எடுத்த படத்தில் ரெங்கசாமி ஐயாவும் அவர் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேருக்கும் ஒரே மீசை. நான் தம்பியை வெட்டிப் போட்டுவிட்டேன். அவர் எப்போதும்வென்றான் என்கிற ஊர்க்காரர். ஊர்ப் பெயரைக் காப்பாற்றி இப்போது நம் கடையில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். நான் அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் வீட்டுக்கு இரண்டு மாலை வந்துவிட்டதாம். பேரன் போனிலிருந்து நம் பதிவுக்குக் கீழே 'நான் சாகவில்லை, உயிரோடு இருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறார். உங்கள் பொம்மை அதற்கும் பதில் போட்டிருக்கிறது: 'குறையைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. விரைவில் சரிசெய்துவிடுகிறோம். அன்புடன், சத்யபிரியா.'

அதை அந்தப் பெரியவர் அப்பாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினார். "ராஜபாண்டி, ஒம் மக என்னைய எப்ப சரிசெய்யப் போறான்னு கேட்டுச் சொல்லு" என்றார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டே, "பதினாறுக்குப் பந்தல நீயே போடு. ஹரிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். சத்யபிரியா பந்தலுக்குக் கீழ முன்வரிசையில நான் உக்காந்திருந்தாத்தான் ஊரு நான் சாகலன்னு நம்பும்" என்றார். அப்பா செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் எழுந்துபோய் ஒருவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உறுதியானதாகத் தேடி எடுத்துத்தான் போட்டார்.

மாமா, பதிவை எப்படி அழிப்பது என்று மட்டும் உடனே சொல்லுங்கள். அந்தப் பக்கம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.