டெம்பரேச்சர் அக்கா ஓட்டிய கல்யாணக் கார்

சென்னை வெயிலைத் திட்டாதவர் கிடையாது. ஆனால் தன் உடம்புக்காக ஒரு நாளும் திட்டாமல், காருக்காக மட்டுமே திட்டியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: மாடம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருந்த டெம்பரேச்சர் அக்கா. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைக் கூரியர் கொண்டுவருபவர் மட்டுமே பயன்படுத்தினார்.

மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். தனியாள். ஐம்பதை நெருங்கும்போது மற்றவர்கள் மனை வாங்குவார்கள், இல்லையென்றால் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குவார்கள். அக்கா ஒரு கிட் கார் வாங்கினார். பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். பார்க்கிங்கில் பல மாதம் படுத்துக் கிடந்து பூட்டினார். தாழ்வான, கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரும் கார். அதற்குள் இரண்டு மடங்கு பெரிய வண்டிக்கு உரிய இன்ஜின். அதற்கு நம்பர் வாங்க அவர் நடந்த நடையில் திருப்பதிக்கே போய் வந்திருக்கலாம்.

பறக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் போதும், அக்கா ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுவார். சேலையூர் ஏரிக்கரையில் அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று பிளாஸ்க் காபி குடிக்கும் காட்சி எங்களுக்குப் பழகிப்போனது.

"இன்னும் கொஞ்ச தூரந்தானேக்கா, வீட்டுக்கே போயிடலாமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுக்கு வாய் இல்லையே பாப்பா. முள்ளு காட்டி முடியலைங்குது. அதுக்கு மேல ஓட்டினா அது ஓட்டறது இல்ல, அடிக்கறது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு காரின் மூக்குக்கு முன்னால் மண்டியிட்டார். மாடி வீட்டு மாமிக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஓடிப்போய் எலுமிச்சம்பழமும் குங்குமமும் கொண்டுவந்தார்.

"எந்தச் சாமியா இருந்தா என்ன, நல்லபடியா ஓடணும்" என்றார் மாமி.

"தேங்க்ஸ் மாமி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புகை கலையுது."

காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் புகை. ஃபேன் சுற்றும்போது அது ரேடியேட்டருக்குள் நுழையாமல் பக்கத்து இடுக்குகளில் நழுவிப் போனது. "பாத்தியா, காத்து மாதிரி சோம்பேறி கிடையாது. உள்ள நுழைஞ்சு போறது கஷ்டம்னு சந்துல ஓடுது" என்றார் அக்கா. அன்று மாலையே தன் சோபாவைக் கிழித்து, உள்ளிருந்த ஸ்பாஞ்சை வெட்டி இடுக்குகளை எல்லாம் அடைத்தார். அதன்பின் அவர் வீட்டுக்குப் போனவர்கள் பலகை மேல் உட்கார்ந்தார்கள். முள் சற்று இறங்கியது.

அடுத்தது பைப்புக்குள் சிக்கிய காற்று. இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் ஓடும் பாதையில் காற்றுக் குமிழி நின்றால் சூடு வெளியேறாதாம். காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தினால் குமிழி மேலே வந்துவிடும். எங்கள் கட்டடத்தில் மூக்கைத் தூக்க ஒரே இடம், பார்க்கிங்கிலிருந்து வெளியேறும் சரிவுதான். திங்கட்கிழமை காலையில் அதில் நிறுத்திவிட்டார். பின்னால் எல்லாக் கார்களும் ஹாரன் அடித்தன. அசோசியேஷன் செகரட்டரியான என் அப்பா டையோடு ஓடி வந்தார்.

"என்னம்மா இது?"

"உள்ள இருக்கற காத்து வெளிய போகணும் சார்."

"நாங்களும் வெளிய போகணும்மா!"

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நோட்டீஸ் போர்டு மூலமாக மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் என் கல்யாணம் வந்தது. மே மாதம். கிழக்குத் தாம்பரத்தில் சர்ச். வீட்டிலிருந்த கார்களில் உறவுக்காரர்கள் ஏறிப் போய்விட்டார்கள். எனக்கும் அப்பாவுக்கும் வாடகைக்குச் சொன்ன கார், ஜிஎஸ்டி ரோட்டில் மாட்டிக்கொண்டது. ஆப்பில் தேடினால் வண்டியே சிக்கவில்லை. வெள்ளைப் பட்டுப்புடவையும் முக்காடுமாக நான் கேட்டருகில் நின்றேன். அப்பா கோட்டு நனைய வியர்த்தார்.

அக்கா காரை எடுத்துவந்து நிறுத்தினார். அப்பாவைப் பார்க்காமல் என்னிடம், "ஏறு பாப்பா" என்றார்.

அப்பா என் புடவையைத் தூக்கிப் பிடித்து ஏற்றிவிட்டார். பிறகு கோட்டு சூட்டோடு ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார்.

கேம்ப் ரோடு சிக்னலில் மாட்டினோம். முன்னால் இரண்டு பஸ், நடுவில் ஒரு தண்ணி லாரி. முள் ஏறத் தொடங்கியது. அக்கா ஒரு குமிழைத் திருப்பினார். என் கால்களின் மேல் அடுப்பைத் திறந்தது போல அனல் வீசியது.

"அக்கா, என்னக்கா இது!"

"ஹீட்டர். கோச்சுக்காத. இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் நாம வாங்கிக்கணும்."

மே மாத வெயிலில், பட்டுப்புடவையில், ஹீட்டர். தலையில் வைத்த மல்லிகை வதங்குவதை என்னால் முகர முடிந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, பொண்ண வேக வெச்சுகினு போறியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. "லேட்டாயிடுச்சுக்கா. எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க."

சிக்னல் பச்சையானபோது முள் சிவப்பைத் தொட்டது. அக்கா ஓரங்கட்டுவார் என்று நான் புடவையைச் சுருட்டிக்கொண்டு இறங்கத் தயாரானேன். அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கையால் மீட்டரை மூடிக்கொண்டு, இன்னொரு கையால் வண்டியை ஓட்டினார். சர்ச் வாசல்வரை அந்தக் கையை எடுக்கவில்லை; கியர் மாற்ற மட்டும் நொடி நேரம் எடுத்தார், அப்போதும் மீட்டர் பக்கம் திரும்பவில்லை.

வாசலில் கார் வெள்ளையாக ஆவி கக்கி நின்றது. உள்ளே ஏதோ உடையும் சத்தம் கேட்டது. "நீ போ, நான் வரேன்" என்றார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டடி வைத்தபின் திரும்பி, "சிஸ்டர், நீங்களும் முன்வரிசைக்கு வரணும்" என்றார். கறுத்த கைகளைப் புடவையில் மறைத்துக்கொண்டு அவர் கடைசிப் பாட்டுக்குத்தான் உள்ளே வந்தார்.

இன்ஜினின் மேல்பாகம் சூட்டில் கோணிப்போயிருந்தது. கார் திருமுடிவாக்கத்துப் பட்டறைக்குப் போனது, அங்கேயே ரொம்ப நாள் கிடந்தது. என்னிடம் அக்கா அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்பாதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரோடு பட்டறைக்குப் போய் வருவதாக அம்மா சொன்னார்.

கல்யாணத்துக்குப் பின் நான் புனேக்குக் குடிபோய்விட்டேன். போன மாதம் அங்கே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் ஹாரன் சத்தம்.

"பாப்பா, வண்டலூர்ல நிக்கறேன். சரியான டிராஃபிக். பெரிய ரேடியேட்டர், ரெண்டு ஃபேன் போட்டிருக்கேன். முள்ளு பாதியிலேயே நிக்குது, ஏறவே இல்ல!"

"நிஜமாவாக்கா!"

"யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. வேலையா இருக்கியா? வெச்சுடட்டுமா?"

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன்.

"இல்லக்கா, சும்மாதான் இருக்கேன். முதல்லேர்ந்து சொல்லுங்க."