சத்தமே போடாத கணினி

பழைய கணினியின் விசிறியைக் கழற்றியது திலக்ஷன்தான். வேறு யார்மேலும் பழிபோட வழியில்லை. பாட்டுப் பதிவுசெய்யும்போதெல்லாம் அது கொர்ரென்று இரைந்தது, கழற்றிவிட்டான். பல்லவி முடியும்வரை கணினி அப்படியோர் அமைதியில் இருந்தது. சரணத்தில் புகை வந்தது.

"அடுப்பில ஒண்டும் இல்லையே, என்னப்பா எரியுது?" என்று கேட்டபடி வந்தாள் மனைவி துஷாந்தினி.

"என்ர எதிர்காலம்."

அது முழுக்கப் பகிடியும் இல்லை. கொட்டாஞ்சேனை டெரிக்கின் இசைக்குழு இல்லாமல் அந்தப் பக்கத்தில் கலியாணங்கள் நடப்பது குறைவு. அதில் பாடகனாக வேண்டுமென்பது, காப்புறுதிக் கம்பனியில் கோப்புகளோடு மாரடிக்கும் திலக்ஷனின் பல வருட ஆசை. டெரிக் ஓம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. எப்போது கேட்டாலும் "பார்ப்பம் மச்சான்" என்பார். இந்த முறைதான் அந்தப் 'பார்ப்பம்' கொஞ்சம் நீண்டிருந்தது: "சனிக்கிழமைக்குள்ள ஒரு பாட்டு ரெக்கோட் பண்ணி அனுப்பு, பார்ப்பம்."

வெள்ளவத்தையில் கணினிக் கடை வைத்திருக்கும் நுஸ்கியிடம் ஓடினான்.

"பாட்டு ரெக்கோட் பண்ண எது நல்லம்?"

"எல்லாம் நல்லம்தான் பிரதர். உங்களுக்கு எப்பிடி வேணும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்களிட்டக் கேக்கிறன்?"

நுஸ்கி யோசித்துவிட்டு, மூலையில் இருந்த பெரிய கறுப்புப் பெட்டியைத் தட்டிக்காட்டினான். "கேம் அடிக்கிற பொடியன்மார் எடுக்கிற மெஷின். ஃபுல் பவர். பாட்டென்ன, படமே எடுக்கேலும். உள்ளுக்கு எத்தின ஃபேன் ஈக்கி பாருங்க, இது எரியவே எரியாது."

எரியாது என்ற சொல் திலக்ஷனின் மனதை உருக்கிவிட்டது.

வீட்டில் சுவரோரமாக வைத்து அதை இயக்கினான். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னியது.

"வெசாக் பண்டிகை லைட்டெல்லாம் கழட்டியாச்செல்லோ," என்றாள் துஷாந்தினி.

பிறகு விசிறிகள் எல்லாம் ஒன்றாகச் சுழலத் தொடங்கின. திலக்ஷன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினான். போட்டுக் கேட்டபோது அவனுடைய குரல், புயலில் அகப்பட்டவன் கரையைப் பார்த்துக் கூப்பிடுவதுபோல் இருந்தது. வாசலில் அடுத்த வீட்டு சஹ்லா டீச்சர், கையில் கோடு போடும் மர அடிமட்டத்தோடு நின்றார். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணித டியூஷன் நடத்துபவர்.

"தம்பி, மாவு மில் ஏதும் போட்டீங்களா? செவுத்துல எவ்வளவு நேரமாத் தட்டுறன். புள்ளைகளுக்குச் சோதினை வருது."

மறுநாளே பெட்டி கடைக்குத் திரும்பியது.

"அப்ப இதக் கொண்டுபோங்க," என்று சின்னதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தான் நுஸ்கி. "விசிறியே இல்ல. மூச்சும் விடாது."

உண்மைதான், மூச்சும் விடவில்லை. பக்கத்தில் ஓடும் ரயிலின் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தி, மேலே சுழன்ற விசிறியையும் நிறுத்தி, பெனியனோடு நின்று வியர்வை ஒழுகப் பாடினான் திலக்ஷன். சுவரில் டக் டக் என்று கேட்டது. புதுக் கணினி அதையும் அட்சரசுத்தமாகப் பதிவுசெய்தது.

இந்த முறை அவனே போய்க் கதவைத் தட்டினான். "டீச்சர், அந்த மெஷினைத்தான் மாத்திப்போட்டனே. இப்ப ஏன் தட்டுறீங்கள்?"

சஹ்லா டீச்சர் தயங்கினார். நல்ல மனுஷி. "எப்பிடிச் சொல்ற தம்பி. முந்தி அந்த மில் சத்தத்துல உங்கட பாட்டுக் கேக்கல்ல. இப்ப நல்லாக் கேக்குது."

மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாத்தினான். இனி அந்தப் பக்கம் எதுவும் கேளாதென்ற தைரியத்தில் இன்னும் உரக்கப் பாடினான். டீச்சரும் இன்னும் உரக்கத் தட்டினார். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடைவெளி இம்மியும் பிசகவில்லை.

சனிக்கிழமை விடிந்துவிட்டது. நுஸ்கிக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அதுக்கென்ன பிரதர், 'தூய்மையாக்கு' எண்டு ஒரு பட்டன் ஈக்கி. அமத்துங்க. எது பாட்டு, எது தேவையில்லாத இரைச்சல் எண்டு மெஷினே பார்த்துக் கழிச்சிரும்."

அழுத்தினான். கணினி கொஞ்ச நேரம் யோசித்தது. 'முடிந்தது' என்றது. போட்டுக் கேட்கத் திலக்ஷனுக்குத் துணிவு வரவில்லை. அப்படியே டெரிக்குக்கு அனுப்பிவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். துஷாந்தினி ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டு, பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"அவர் வேண்டாமெண்டாலும் பரவாயில்லையப்பா," என்றாள். "எனக்கு நீங்கள் பாடினாலே போதும்."

கைப்பேசி அடித்தது. திலக்ஷன் ஒலிபெருக்கியைப் போட்டான்.

"மச்சான்," என்றார் டெரிக், "இந்த முறை பார்ப்பம் எண்டு சொல்லமாட்டன். நேராவே சொல்றன். எடுத்தாச்சு. இப்பிடி ஒராளைத்தான் இவ்வளவு நாளும் தேடினனான்."

துஷாந்தினி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். திலக்ஷன் எழுந்தே நின்றுவிட்டான். "நாளைக்கே வாறன் அண்ணை."

"ஓம், அந்த ட்ரம்ஸ் அடிச்ச பொடியனையும் கையோட கூட்டிக்கொண்டு வா, அவனைத்தான் எடுத்தது, பின்னால ஆரோ அழுற மாதிரி மெல்லிசா ஒரு சத்தம் கேக்குது, அதை மட்டும் கழிச்சுப்போட்டு இன்னொருக்கா அனுப்பிவிடு."