புயலுக்குப் பிடித்த தரை

"படுக்கவே மாட்டேங்குது, வேலன்," என்றார் அழகையா, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு. "ராத்திரி எப்ப எட்டிப் பார்த்தாலும் நின்னுக்கிட்டே இருக்கு."

மறுமுனையில் இருந்த வேலன் ஊட்டி ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் குதிரைச் சவாரி விடுகிறவன். வயதாகிவிட்ட பெண் குதிரை ஒன்றைப் போன மாதம்தான் அழகையாவிடம் வளர்க்கக் கொடுத்திருந்தான். அதன் பெயர் புயல். நடையைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

"எப்பப் பார்த்தாலுமா? ஏனுங்ண்ணா, அப்ப நீங்க தூங்கறதே இல்லீங்களா?"

"எனக்கு எங்க தூக்கம் வருது. அத விடு, குதிரைக்கு ஒரு வழி சொல்லு."

"மொதல்ல உங்க கட்டுத்தரைய மாத்துங்க. எல்லாஞ் சரியாப் போயிரும். ரொம்பச் சிரமமா இருந்தா ஞாயித்துக்கெழம வண்டியோட வந்து புயலை ஏத்திக்கறனுங்க."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அழகையா விரல் விட்டு எண்ணினார். மனைவி தெய்வம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. மகன் திருப்பூரில் இருக்கிறான். தேயிலை ஃபாக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவர் பேசினால் காதைத் திருப்புகிற உயிர் அந்த வீட்டில் புயல் ஒன்றுதான். இன்றைக்கும் பழக்கத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிடுவார். இரண்டாவதைக் கொட்டகை வாசலில் நின்று, புயலிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே தானே குடித்து முடிப்பார். அதையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டால், இரண்டாவது டம்ளரை எங்கே நின்று குடிப்பது?

கட்டுத்தரை என்றால் கட்டின தரை, சிமென்ட் தரை. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. சின்ன வயதில் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். கொங்குப் பேச்சில் பாதியை இன்னமும் அனுமானத்தில்தான் புரிந்துகொள்வார். ஆனால் இந்தத் தடவை சந்தேகமே இல்லை. தெய்வம்மாவின் பசு நின்ற கொட்டகை அது. வழவழவென்று சிமென்ட் பூசியது, பனிக்காலத்தில் காலை வைத்தால் சுரீரென்னும். வழுக்கி விழுந்தால் எழ முடியாதென்று குதிரை பயப்படுகிறது.

ஊட்டி மார்க்கெட்டுக்குப் போய், மாட்டுக் கொட்டகையில் போடுகிற ரப்பர் மேட் வாங்கி வந்தார்.

"வழுக்காது, குளிராது, மூட்டுக்கு நல்லது," என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். புயலிடம் யாரும் சொல்லவில்லை. அது முகர்ந்து பார்த்துவிட்டு, மேட் எட்டாத மூலையில் நாலு காலையும் நெருக்கி வைத்து நின்றுகொண்டது. மூத்திரம் மேட்டுக்கு அடியில் போய்த் தங்கியது.

பக்கத்து வீட்டு ராஜகுமாரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேலியோரம் வந்தாள்.

"அண்ணே, வளர்க்கிறது குதிரையா, லாரியா? டயர் வாடை தாங்கல."

ஈரத்தை உறிஞ்ச மேலே ஏதாவது பரப்ப வேண்டும். மரத்தூள் கிடைக்கவில்லை. ஃபாக்டரிச் சிநேகிதர் சகாயத்திடம் கேட்டு, கழித்துப்போட்ட தேயிலை நாரை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார். மெத்து மெத்தென்று நன்றாகத்தான் இருந்தது. புயலுக்கும் பிடித்துவிட்டது. தின்றது. தின்றுவிட்டுப் பொழுதுக்கும் கொட்டகைக்குள் வட்டமடித்தது. பெயருக்கு ஏற்ற மாதிரி அது நடந்துகொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

"டீத்தூள் மேல நிக்க வச்சிட்டு, தூங்கு தூங்குன்னா எப்படிண்ணே தூங்கும்?" என்றாள் ராஜகுமாரி.

நாரைக் கூட்டி அள்ளி, மேட்டைக் கழுவிப் போட்டு, மேலே வைக்கோல் பரப்பினார். புயல் வைக்கோலைத் தின்றபடி நின்றது.

ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. வேலன் மத்தியானம் வருவான். அழகையா வீட்டுக்குள் போனார். கட்டிலில் இலவம்பஞ்சு மெத்தை விரித்தபடியே கிடந்தது. தெய்வம்மா படுத்த பக்கம் இன்னும் லேசாகப் பள்ளம். அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் படுக்க அவரால் முடிந்ததில்லை. கொட்டகையைப் பார்த்த ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி, அதில்தான் அவருடைய ராத்திரிகள். வெகுநேரம் மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, குதிரைக்கு மெத்தையா? எங்க வீட்டுக்காரருக்கே பாய்தான்," என்றாள் வேலியோரம் நின்ற ராஜகுமாரி.

"அவர் படுக்கிறார்ல," என்றார் அழகையா.

வைக்கோல் மேல் மெத்தையை விரித்தார். புயல் அதை ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

"இதுக்கும் மேல என்னால ஏலாது, தாயி. இங்க பாரு, இப்படித்தான் படுக்கணும்," என்று அவரே படுத்துக் காட்டினார்.

புயல் குனிந்து மெத்தையின் மூலையைக் கடித்து இழுத்தது. பஞ்சு பறந்தது. அவர் தடுக்கவில்லை. அதன் மூச்சு கழுத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது. வெளியே மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்.

"அண்ணா. அழகையாண்ணா."

கண்ணைத் திறந்தபோது வேலன் குனிந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ராஜகுமாரி.

"இவர் குறட்டையக் கேட்டு ஒரு வருஷமாச்சு," என்றாள் அவள். "வேலி வரைக்கும் வந்துச்சு."

அழகையா திரும்பிப் பார்த்தார். அவர் முதுகை ஒட்டி, காலை மடக்கி, உதட்டில் பஞ்சோடு புயல் படுத்திருந்தது.

"சத்தம் போடாத," என்று கிசுகிசுத்தார். "படுத்துருச்சு பாரு. மெத்தைதான் இதுக்குச் சரியான தரை. இனி நீ கொண்டு போக ஏலாது."

"தரைங்களா? மெத்தைய எதுக்குங்ண்ணா இங்க கொண்டாந்தீங்க?"

"நீதானே கட்டுத்தரைய மாத்தச் சொன்ன?"

வேலன் மேட்டைப் பார்த்தான், வைக்கோலைப் பார்த்தான், சிதறிக் கிடந்த பஞ்சைப் பார்த்தான். "கட்டுத்தரைன்னா தரை இல்லீங்ண்ணா. எங்கூர்ல மாடு கன்னு கட்டற எடத்தச் சொல்றதுங்க."

"அப்ப குதிரைய வேற எடத்துல கட்டச் சொன்னியா?"

வேலன் அவர் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டான்.

"குதிரை நின்னுக்கிட்டே தூங்கிக்குமுங்ண்ணா. ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து அதை எட்டிப் பார்த்தீங்களே, உங்களைத்தானுங்க எடத்த மாத்திப் படுக்கச் சொன்னேன்."